ஓரத்தில் கிடந்த இரண்டு அணுக்கள்

எங்கள் ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேல்மாடி நர்சுகளிலிருந்து கீழே வண்டி நிறுத்துமிடக் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் நூறக்காதான்.

ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, காயவைத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, வெள்ளையணுக்களில் நூறை எண்ணி, எந்த வகை எத்தனை என்று சொல்வது அவர் வேலை. கண் கருவியில் இருக்கும். இடது கை விரல்கள் மட்டும் பக்கத்திலுள்ள சின்ன எண்ணும் பெட்டியின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருக்கும். நூறாவது தட்டலுக்குப் பெட்டியில் ஒரு மணி கிணுங்கும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையைத் திருப்பாமல் "அறுபத்தேழு" என்பார். இன்னும் முப்பத்து மூன்று பாக்கி, அதுவரை வாயை மூடிக்கொண்டு நில் என்று அர்த்தம். ஒருநாள் மருத்துவமனை இயக்குநரே உள்ளே வந்து, "என்னம்மா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டபோது "முப்பத்தொண்ணு" என்று பதில் வந்தது. வயதைச் சொல்கிறார் என்று நினைத்து இயக்குநர் மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போனார். அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு.

நான் முன்பக்கத் தடுப்பில் உட்கார்ந்து ரத்தக் குழாய்களை வாங்கி, எண் பட்டை ஒட்டி, உள்ளே தள்ளுகிறவன். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர் இருந்தது, பதினான்கு வருடப் பழக்கமும் இருந்தது. இங்கே சொல்லப்போவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அவர் சொன்னது. அவருக்குக் கூட்டிச் சொல்லும் பழக்கம் கிடையாது. குறைத்துத்தான் சொல்வார்.

அணுக்களை எண்ண எங்களிடம் மெஷின் உண்டு. ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எண்ணிவிடும். ஆனால் தனக்குப் புரியாத ஏதாவது தட்டுப்பட்டால் தாளின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி அடித்துத் தள்ளும். அந்தக் குறி விழுந்த ரத்தமெல்லாம் அக்காவின் மேசைக்குப் போகும். "எனக்கும் அதுக்கும் சண்டையே இல்ல. அதுக்குத் தெரியாததைத் தெரியலன்னு ஒழுங்கா ஒத்துக்குது. அந்தக் குணம் எத்தனை பேருக்கு இருக்கு?" என்பார்.

இந்தக் கதை நடப்பதற்கு எட்டு வருடம் முன்னால் அவருக்கு ஒரு தப்பு நேர்ந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண்மணி காய்ச்சலோடு கிடந்தார். அவருடைய தகட்டில் நீள்வட்டமாக, ஊதா நிறத்தில், சில இடங்களில் இரட்டை இரட்டையாக ஒட்டிக்கொண்டு ஈஸ்ட் தெரிந்தது. ஈஸ்ட் என்றால் பூஞ்சை வகை. அது ரத்தத்தில் இருந்தால் ஆபத்து. அக்கா உடனே எழுதிக் கொடுத்துவிட்டார். டாக்டர்களும் அன்றைக்கே பூஞ்சை மருந்தை ஏற்றினார்கள். அந்தக் காலத்து மருந்து முரட்டு மருந்து. உடம்பைக் குலுக்கி எடுக்கும், சிறுநீரகத்தில் கை வைக்கும். இரண்டாம் நாள் எங்கள் தலைமை நுண்ணுயிர் டாக்டர் சந்தேகப்பட்டு, சாயத்தோடு கலக்கும் தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். பூஞ்சை அதில்தான் வளர்ந்திருந்தது. அந்தப் பெண்மணியின் ரத்தம் சுத்தமாக இருந்தது.

மருந்தை நிறுத்தினார்கள். சிறுநீரகம் மெல்ல மெல்லச் சரியானது. அக்காவை யாரும் பெரிதாகத் திட்டவில்லை. ஒரு கடிதம் கொடுத்து விளக்கம் கேட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்மணி வீடு திரும்பும்வரை அக்கா மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பி எடுத்துப்போனதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் வந்ததும் தண்ணீரை மாற்றுவார், சாயத்தை வடிகட்டுவார், பாட்டிலில் தேதி எழுதுவார். இவர் சுத்தம் பார்ப்பதைப் பார்த்து மற்றவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். அவர் கண்டுகொள்வதில்லை.

இனி, பூட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் பூட்டு, சாவி பழுது பார்க்கிறவர். ஐம்பதை ஒட்டிய வயது. குடலில் ஓட்டை விழுந்து வயிற்றைத் திறந்து அறுவை செய்திருந்தார்கள். அறுவை நன்றாகவே நடந்தது. ஆனால் குடல் ஓய்வில் இருந்ததால் வாயால் சாப்பிட முடியாது. கழுத்தின் பெரிய ரத்த நாளத்தில் ஒரு குழாய் போட்டு அதன் வழியாகவே சத்து நீரும் மருந்தும் போய்க்கொண்டிருந்தன. பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. கிருமி மருந்தை மாற்றினார்கள். இறங்கவில்லை. இன்னும் பலமானதாக மாற்றினார்கள். அதற்கும் இறங்கவில்லை. வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். சீழ் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, ஒன்பது மணி சுமாருக்கு தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் கிடந்த ஆறாம் படுக்கையின் ரத்தம் என் தடுப்புக்கு வந்தது. மெஷின் நட்சத்திரம் அடித்தது. அக்கா தகடு போட்டார்.

வெள்ளையணுக்களில் எண்ணிக்கை அதிகமானது நியூட்ரோஃபில் என்பது. மூன்று நான்கு மணிகளை நூலில் கோத்தது போன்ற கரு அதற்கு. உடம்புக்குள் வேற்று ஆள் நுழைந்தால் முதலில் ஓடிப்போவது அதுதான். பூட்டுக்காரரின் ரத்தத்தில் அவை வழக்கத்தைவிட மூன்று மடங்கு இருந்தன. முதிர்ந்தவை போதாமல் மஜ்ஜையிலிருந்து இளசுகளும் கிளம்பி வந்திருந்தன. பல அணுக்களுக்குள் கருஞ்சிவப்புப் பொடி தூவினாற்போல் துகள்கள். சிலவற்றில் வெறுங்குமிழிகள். ஏதோ ஒரு சண்டை நடக்கிறது என்பது மட்டும் தெளிவு. யாரோடு என்று தெரியவில்லை.

எண்பத்திரண்டாவது அணுவில் அக்காவின் விரல் நின்றது.

அணுவின் உள்ளே, கருவுக்குப் பக்கத்தில், ஊதாவாக ஒரு நீள்வட்டம். அதன் நுனியில் சின்னதாக ஒரு மொட்டு. சுற்றிலும் மயிரிழை அளவுக்கு வெளிறிய வளையம்.

வழக்கமாகக் கிணுங்கும் மணி கேட்கவில்லையே என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கருவியிலிருந்து முகத்தை எடுத்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. இன்னைக்குச் சாயத் தண்ணி மாத்தினேனா?"

"நீங்க மாத்தாம விடுவீங்களா? நான் பாக்கவே மாத்தினீங்க."

"சரி."

எழுந்து போய், அதே தட்டில் அதே சாயத்தில் முக்கியெடுத்த மற்ற பதினோரு தகடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றிலும் ஈஸ்ட் இல்லை. தண்ணீரில் ஒரு சொட்டு, சாயத்தில் ஒரு சொட்டு எடுத்துத் தனியாகப் பார்த்தார். சுத்தம். பிறகு இதுவரை திறக்காத புதுச் சாய பாட்டிலைத் திறந்து, ஆறாம் படுக்கையின் ரத்தத்திலிருந்தே இன்னொரு தகடு செய்தார். அதிலும் ஒன்று இருந்தது, அதுவும் அணுவுக்குள்ளேயே.

யாராக இருந்தாலும் அத்தோடு போனை எடுத்திருப்பார்கள். அக்கா எடுக்கவில்லை. அவர் மனதில் வேறொன்று ஓடியது. இந்த ரத்தம் எங்கிருந்து எடுத்தது? கழுத்துக் குழாயிலிருந்து எடுத்திருந்தால், குழாயின் உள்சுவரில் ஒட்டியிருந்த பூஞ்சை, ரத்தம் எடுத்தபோது கூட வந்திருக்கலாம். ரத்தத்தைச் சோதனைக் குழாயில் பிடித்து வைத்த பிறகும் வெள்ளையணுக்கள் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும், கண்ணில் பட்டதைத் தின்னும். அப்படித் தின்றதாகவும் இருக்கலாம். உடம்பு முழுக்க ஓடும் ரத்தத்திலேயே இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், விரல் நுனியில் குத்தி, அந்தச் சொட்டை அங்கேயே தகட்டில் இழுக்க வேண்டும்.

"நான் மேல போயிட்டு வரேன்," என்று நான்கு புதுத் தகடுகளையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆய்வகத்தைவிட்டு அவர் வார்டுக்குப் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நீல நாற்காலிகள் வரிசையாக இருக்கும். அதில் பூட்டுக்காரரின் அக்கா உட்கார்ந்திருந்தார். துணி வெளுக்கும் நிலையத்தில் வேலை பார்க்கிறவர். பன்னிரண்டு நாளாக அந்த நாற்காலியிலிருந்தே பாதி உலகத்தை நடத்திக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"சிஸ்டர், எங்க தம்பிக்குக் காய்ச்சல் இறங்கிச்சா?"

"நான் சிஸ்டர் இல்லீங்க. லேப்ல இருக்கேன்."

"லேப்புன்னா?"

"ரத்தம் பாக்கிற இடம்."

"அப்ப உங்களுக்குத்தான் முதல்ல தெரியும். சொல்லுங்க, என்ன தெரியுது?"

கீழே ஆய்வகத்தில் யாரும் நூறக்காவிடம் இப்படிக் கேட்பதில்லை. அங்கே எல்லோரும் எண்கள். "இன்னும் ஒண்ணு பாக்கணும். பாத்துட்டு டாக்டர்கிட்ட சொல்றேன், அவங்க உங்ககிட்ட சொல்வாங்க," என்றார்.

உள்ளே பூட்டுக்காரர் அரைத் தூக்கத்தில் இருந்தார். விரலைப் பிடித்ததும் கண்ணைத் திறந்தார். விரல் நுனிகள் காய்த்துப்போய், ஊசி இறங்குவதற்கே இடம் தேட வேண்டியிருந்தது.

"மோதிர விரல்ல குத்துங்க," என்றார் மெல்லிய குரலில். "மத்ததெல்லாம் வேலைக்கு வேணும்."

"மோதிர விரல் வேலை செய்யாதா?"

"அது சும்மா கூட வர்றது."

அக்கா மோதிர விரலிலேயே குத்தினார். நான்கு சொட்டு, நான்கு தகடு. கட்டிலின் பக்கத்திலேயே இழுத்து, கையாலேயே விசிறிக் காயவைத்துக் கீழே கொண்டுவந்தார்.

முதல் தகட்டில் நூறு எண்ணினார், ஒன்றும் இல்லை. இருநூறு, முந்நூறு போனார், இல்லை. இரண்டாவது தகடும் அப்படித்தான். மணி பதினொன்றாகிவிட்டது. என் பக்கம் திரும்பி, "பசிக்குதா உனக்கு?" என்றார். எனக்குத் தெரியும், அவர் கேட்டது என் பசியை இல்லை. பேச ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

மூன்றாவது தகட்டில் நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போனார். ரத்தத்தை இழுக்கும்போது பெரிய அணுக்களும், எதையாவது விழுங்கி உப்பியிருக்கும் அணுக்களும் தகட்டின் வால் நுனியில் போய் ஒதுங்கும். சாதாரணமாக எண்ணுகிறவர்கள் அங்கே பார்ப்பதில்லை. அங்கே அணுக்கள் நசுங்கிக் கிடக்கும் என்பதால் பார்க்க வேண்டாம் என்றுதான் பாடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அந்த ஓரத்தில் இரண்டு நியூட்ரோஃபில்கள் கிடந்தன. ஒன்றுக்குள் ஒரு ஈஸ்ட். மற்றதற்குள் இரண்டு, அவற்றில் ஒன்று மொட்டு விட்டிருந்தது.

அக்கா போனை எடுத்தார். எங்கள் நுண்ணுயிர் டாக்டர் அன்றைக்கு விடுப்பு. நேராகத் தீவிர சிகிச்சை டாக்டரம்மாவிடமே பேச வேண்டும். அவர் இந்த மருத்துவமனைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது.

"டாக்டர், லேப்ல இருந்து பேசறேன். ஆறாம் பெட் ஸ்மியர் தகட்டுல வெள்ளையணுவுக்குள்ள ஈஸ்ட் தெரியுது."

"பிளட் கல்ச்சர்ல ஒண்ணும் வரலையே?" என்றார். கல்ச்சர் என்பது ரத்தத்தைச் சத்து நீர் பாட்டிலில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று காத்திருந்து பார்ப்பது.

"நேத்து சாயங்காலம் வச்ச பாட்டில், டாக்டர். இன்னும் ஒண்ணும் வளரல. வளர இன்னும் ரெண்டு நாள்கூட ஆகலாம்."

"ஸ்மியர்லயே தெரியற அளவுக்கா? நான் பாத்ததே இல்ல. சாய அழுக்கா இருக்காதா?"

அக்கா ஒரு மூச்சு விட்டார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பட்டை ஒட்டுவதை நிறுத்திவிட்டேன்.

"டாக்டர், எட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒருத்தங்களுக்கு இதையே தப்பா சொல்லியிருக்கேன். பாட்டில்ல இருந்த பூஞ்சையைப் பாத்துட்டு ரத்தத்துல இருக்குன்னு எழுதிட்டேன். தேவையில்லாத மருந்து போட்டு அவங்க கஷ்டப்பட்டாங்க. அதனால இன்னைக்குப் புதுச் சாயத்துல பாத்தேன், மத்தவங்க தகட்டையும் பாத்தேன், மேல வந்து விரல்ல குத்தி எடுத்தும் பாத்துட்டேன். மத்தவங்களுக்கு இல்ல, இவருக்கு மட்டும் மூணு தடவையும் அணுவுக்கு உள்ள இருக்கு. இதுக்கு மேல எப்படிச் சரிபாக்கறதுன்னு எனக்குத் தெரியல. நீங்க வந்து ஒரு தடவ பாத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

"அஞ்சு நிமிஷத்துல வரேன்," என்றார் டாக்டரம்மா.

நான்கு நிமிடத்தில் வந்துவிட்டார். அக்கா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். டாக்டரம்மா உயரம் குறைவு, நாற்காலியை ஏற்றிக்கொடுக்க வேண்டியிருந்தது. கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். தகட்டை நகர்த்தினார், திரும்பவும் பழைய இடத்துக்கே வந்தார்.

"மொட்டு விட்டிருக்கு," என்றார், தனக்குத்தானே சொல்வதைப் போல.

"ஆமாம்."

"கழுத்துக் குழாயை எடுத்துடறேன். மருந்தும் இப்பவே ஆரம்பிக்கலாம். இப்ப இருக்கிற மருந்து பழைய மாதிரி கிடையாது, கவலைப்படாதீங்க. ஒருவேளை இது தப்பாவே இருந்தாலும் அவருக்கு அவ்வளவு கெடுதல் வராது." எழுந்து நின்றவர் கதவருகே போய்த் திரும்பினார். "அந்தப் பழைய விஷயத்தை நீங்க சொல்லியிருக்கணும்னு இல்ல."

"சொல்லாம இருந்தா எனக்குத்தான் எண்ண வராது, டாக்டர்."

அன்று பகல் ஒன்றரை மணிக்குக் குழாயை எடுத்தார்கள். கையில் ஊசி போட்டுப் பூஞ்சை மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள்.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சில் கஞ்சன், ஆனால் பேசினால் நறுக்கென்று இருக்கும். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, கல்ச்சர் வளராமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கணவர் கைகழுவிக்கொண்டே கேட்டாராம்.

"தப்பா இருந்தா என்ன பண்ணுவாங்க?"

"திட்டுவாங்க."

"சரியா இருந்தா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அப்ப ரெண்டுக்கும் நடுவுல சாப்பிடலாம், வா."

மறுநாள் காலை பத்தே காலுக்குக் கல்ச்சர் பெட்டியில் விளக்கு எரிந்தது. ஆறாம் படுக்கையின் பாட்டில். அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார்கள். ஈஸ்ட் கொத்துக் கொத்தாக இருந்தது. விடுப்பு முடிந்து வந்திருந்த நுண்ணுயிர் டாக்டர் அந்தத் தகட்டையும் அக்காவின் தகட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். "ம்," என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

அக்காவின் முகத்தில் சந்தோஷம் ஏதும் தெரியவில்லை. "நமக்குச் சரி, அவருக்கு இது கெட்ட செய்திதானே," என்றார்.

அன்று மதியம் பூட்டுக்காரரின் அக்கா என் தடுப்புக்கு வந்து நின்றார்.

"தம்பி, நேத்து ஊசியோட வந்தாங்களே, அவங்க இருக்காங்களா?"

அக்கா வெளியே வந்தார். இரண்டு பேரும் நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் வேலை பார்ப்பதைப் போல் பாவனை செய்துகொண்டு காதை அங்கே வைத்திருந்தேன்.

"ரத்தத்துல காளான்னு டாக்டர் சொல்றாங்க. ஈரச் சுவத்துல பூக்குமே, அதுவாங்க?"

"அதுக்குச் சொந்தம்னு வச்சுக்கங்க. ஆனா இது வெளியிலேர்ந்து வந்ததில்ல. நம்ம எல்லார் வாயிலயும் குடல்லயும் கொஞ்சம் இருக்கும். அது பாட்டுக்கு இருக்கும். அதைச் சுத்தி மத்த கிருமிங்க இருக்கிறதால பெருக முடியாது. கிருமி மருந்து நிறையப் போகும்போது அதுங்க செத்துடும், இதுக்கு இடம் கிடைச்சுடும். உங்க தம்பிக்குக் குடல்ல வேற காயம். கழுத்துல குழாய். ரத்தத்துக்குள்ள வர வழி கிடைச்சிடுச்சு."

"வெள்ளையணு அதைத் தின்னுக்கிட்டிருந்ததை நீங்க பாத்தீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"ஆமா."

"தின்னுட்டா அது செத்திருக்கணுமே. பின்ன ஏன் காய்ச்சல் விடல?"

நூறக்கா பிறகு எங்களிடம் சொன்னார், இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் தன்னிடம் இத்தனை நல்ல கேள்வி கேட்டதில்லை என்று.

"தின்னுச்சு, ஆனா எல்லாமே செரிக்கல," என்றார். "இந்த அணு ஈஸ்டை உள்ள இழுத்து, அது மேல ஒரு மாதிரி அமிலம், விஷம் எல்லாம் கொட்டும். பாதிக்கு மேல செத்துடும். சிலது சாகாது. உள்ளேயே மொட்டு விடும். சிலது நூல் மாதிரி நீளமா வளர்ந்து, தின்ன அணுவையே குத்திக் கிழிச்சுட்டு வெளிய வந்துடும்."

"அடப்பாவமே. அப்புறம்?"

"நூலா நீண்டுட்டா விழுங்க முடியாது. அப்ப அந்த அணு என்ன பண்ணும்னா, தன் கருவையே பிரிச்சு வலை மாதிரி வெளிய வீசும். அந்த வலையில பூஞ்சை மாட்டிக்கும். வீசின அணு பெரும்பாலும் அதோட போயிடும்."

"அது செத்துடுமா?"

"ஆமா."

பூட்டுக்காரரின் அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார். "அவ்வளவு செஞ்சும் முடியலயா?"

"முடியலன்னு இல்ல. அதுங்க மட்டும் இல்லன்னா இத்தனை நாள் தாக்குப் பிடிச்சிருக்க மாட்டாரு. இங்க பெருகறது வேகமா இருந்துச்சு, அந்தக் குழாயில ஒட்டிக்கிட்டு வேற அது கூடு கட்டியிருந்துச்சு. இப்பக் குழாய் போயிடுச்சு. மருந்து பூஞ்சையோட தோலைப் பலவீனமாக்கும். அப்ப அணுக்களுக்கு வேலை சுலபமாயிடும். ரெண்டும் சேந்துதான் முடிக்கணும்."

"முடிச்சுடுமா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. தினமும் பாத்துட்டு இருப்பேன். அது மட்டும் சொல்ல முடியும்."

அந்த வார்த்தையை அவர் காப்பாற்றினார். அதன்பின் ஆறாம் படுக்கையின் ரத்தத்துக்கு மெஷின் நட்சத்திரம் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அக்கா தகடு போட்டார். முதல் இரண்டு நாள் வெள்ளையணுக்கள் இன்னும் ஏறின. காய்ச்சலும் நின்றபாடில்லை. மூன்றாம் நாள் அணுக்களுக்குள்ளிருந்த குமிழிகள் குறைந்தன. நான்காம் நாள் ஓரத்தில் எவ்வளவு தேடியும் ஈஸ்ட் தட்டுப்படவில்லை. அன்று சாயங்காலம் முதல்முறையாகக் காய்ச்சல் இறங்கி, வியர்த்துக் கொட்டி, பூட்டுக்காரர் போர்வை மாற்றச் சொல்லிக் கேட்டாராம். அன்றைக்கு எடுத்த கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. அந்த நாளிலிருந்து பதினான்கு நாள் எண்ணி மருந்து கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா முடிவு செய்தார்.

எல்லாம் நல்லபடியாகவே போனது என்று சொல்ல முடியாது. இந்தப் பூஞ்சை ரத்தத்தில் வந்தால் கண்ணைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். கண் டாக்டர் வந்து பார்த்தபோது இடது கண்ணின் உள்திரையில் பஞ்சு ஒட்டினாற்போல் ஒரு வெண்புள்ளி இருந்தது. அதற்காக வேறொரு மருந்தையும் சேர்த்தார்கள், மருந்து நாட்களையும் கூட்டினார்கள். புள்ளி ஆறியது. வடு நின்றுவிட்டது. நல்லவேளையாக நடுவில் இல்லை, ஒரு பக்கமாக இருந்தது.

"சிறுநீரகமும் கண்ணும்தான் அதுக்குப் புடிச்ச இடம். வெள்ளையணு போய்ச் சேர்றதுக்குள்ள அங்க உக்காந்துடும்," என்றார் அக்கா என்னிடம். சொல்லிவிட்டு, "நான் இன்னும் ரெண்டு நாள் முன்னாடியே அந்த ஓரத்தைப் பாத்திருக்கலாம்," என்றார்.

"ரெண்டு நாள் முன்னாடி அவர் ரத்தம் உங்க மேசைக்கே வரலையே, அக்கா. மெஷின் குறி போடல."

"தெரியும். இருந்தாலும்."

அடுத்த மாதம் அக்காவும் டாக்டரம்மாவும் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு ஒரு விதி எழுதி இயக்குநரிடம் கொடுத்தார்கள். கழுத்துக் குழாய் இருந்து, கிருமி மருந்துக்குக் காய்ச்சல் மூன்று நாளாக இறங்காதவர்கள் யாராக இருந்தாலும், மெஷின் என்ன சொன்னாலும், தகட்டைக் கையால் பார்க்க வேண்டும், ஓரத்தையும் சேர்த்து. பார்த்து ஒன்றும் தெரியாவிட்டால் பூஞ்சை இல்லை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது என்பதையும் அக்கா பிடிவாதமாகச் சேர்க்க வைத்தார். பத்துப் பேருக்கு இருந்தால் ஒருவருக்குக்கூட இப்படித் தகட்டில் தெரிவது அபூர்வம் என்பது அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு இந்த மூன்று வருடத்தில் அந்த விதிப்படி பார்த்ததில் இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் தகட்டில் தெரிந்திருக்கிறது.

பூட்டுக்காரர் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் கழித்து, மறுபரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது, சட்டை தோளில் தொங்கியது. நான்தான் ரத்தம் எடுத்தவரிடமிருந்து குழாயை வாங்கினேன். "எனக்கு என்ன இருந்துச்சுன்னு கண்டுபுடிச்சவங்களைப் பாக்கலாமா?" என்றார்.

உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா," என்றேன்.

"நாப்பத்து நாலு," என்று பதில் வந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றார் பூட்டுக்காரர்.

"ரெண்டு நிமிஷம் உக்காரச் சொல்றாங்க."

மணி கிணுங்கியதும் அக்கா வெளியே வந்தார். அவருக்கு முதலில் ஆளை அடையாளம் தெரியவில்லை. பூட்டுக்காரர் மோதிர விரலை நீட்டிக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

"கண் எப்படி இருக்கு?"

"இடது கண்ணுல ஓரமா ஒரு பூச்சி உக்காந்த மாதிரி இருக்கும். தட்டினா போகாது. பழகிடுச்சு. பூட்டுக்கு உள்ள என்ன இருக்குன்னு எவன் கண்ணால பாக்கறான், விரல்தான் பாக்குது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அது எப்படி இருக்கும்னு நான் பாக்க முடியுமா?" என்று கேட்டார்.

அக்கா அந்தத் தகட்டை எடுத்து வைத்திருந்தார். உள்ளே அழைத்துப்போய், நாற்காலியில் உட்கார வைத்து, தெளிவாகத் தெரிவதற்கு எண்ணெய்ச் சொட்டு வைத்து, இடத்தைத் தேடிக் கொடுத்தார். அவர் வலது கண்ணை வைத்தார். நுணுக்கமான பொருளைப் பார்த்துப் பழகிய ஆள், எதைத் திருகினால் தெளிவாகும் என்று சொல்லாமலே கை போய்விட்டது.

"மணி மாதிரி இருக்கே, அது என்னோடதா?"

"அது உங்க வெள்ளையணுவோட கரு. பக்கத்துல முட்டை மாதிரி இருக்கு பாருங்க, அதுதான் பூஞ்சை."

அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். வெளியே இரண்டு பேர் குழாயோடு காத்திருந்தார்கள், போக மனம் வரவில்லை.

"இந்த அணு இப்ப உயிரோட இல்ல, இல்லையா?"

"இல்லீங்க. தகட்டுல இழுத்தப்பவே போயிடுச்சு. போகாட்டியும், அதுங்க ரத்தத்துக்கு வந்தா ஒருநாள், மிஞ்சினா கொஞ்சம் மேல. அவ்வளவுதான் ஆயுசு."

"ஒரே நாளா?"

"ஆமா. அன்னைக்கு உங்க உடம்புல இருந்தது ஒண்ணுகூட இப்ப இல்ல. மஜ்ஜையிலேர்ந்து புதுசு புதுசா வந்துகிட்டே இருக்கும். இன்னைக்குக் காலைல கொடுத்தீங்களே, அதுல இருக்கிறது எல்லாம் இன்னைக்கு ஆளுங்க."

பூட்டுக்காரர் கருவியிலிருந்து முகத்தை எடுத்தார். தன் முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். "அதையும் பாக்கப் போறீங்களா?"

"இப்பத்தான் பாக்கப் போறேன்."

"நான் இருந்துட்டுப் போகட்டுமா?"

"இருங்க. ஆனா நடுவுல பேசக் கூடாது," என்று அக்கா நாற்காலியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.